பதினெட்டுச் சக்கரப் பண்ணையார்

வாங்க முதலாளி, உட்காருங்க. இன்று திங்கட்கிழமை. அமெரிக்க லாரிக் கம்பெனிகளில் புது ஆட்களுக்கான அறிமுக வகுப்பு பெரும்பாலும் இன்றுதான் தொடங்கும். நேற்றுவரை உங்களுக்கு டிரைவர் என்று பெயர். இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து போட்டால் நாளை முதல் ஓனர்-ஆப்பரேட்டர். நம் ஊர் லாரிப் பேட்டையில் ஓனர்-கம்-டிரைவர் என்பார்களே, அதேதான். முன்பணம் கேட்கமாட்டார்கள். பழைய கடனைத் துருவமாட்டார்கள். காபியும் டோனட்டும் இலவசம். இந்தக் கம்பெனி உங்களுக்கு இலவசமாகத் தரும் கடைசிப் பொருள் அந்த டோனட்தான் என்பதால் நிதானமாகத் தின்னுங்கள்.

திட்டத்தின் பெயர் லீஸ்-பர்ச்சேஸ். வண்டி கம்பெனியுடையது, அல்லது கம்பெனியின் தம்பிக் கம்பெனியுடையது. அதை நீங்கள் குத்தகைக்கு எடுத்து, அதே கம்பெனியின் சரக்கை ஏற்றி, அது தரும் கூலியிலிருந்தே அதற்குத் தவணை கட்டுவீர்கள். நான்கு வருடம் தாக்குப்பிடித்தால் வண்டி உங்களுக்கு. நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், ரெண்டு பேரும் ஊதி ஊதித் தின்னலாம் என்கிற கணக்கை இத்தனை பக்கத்துக்கு ஒப்பந்தமாக எழுத, நம் ஊர்க் கந்துவட்டிக்காரருக்கு இன்னும் கைவரவில்லை.

நம் கிராமங்களில் நிலத்தை வாரத்துக்கு விடுவார்கள். விளைந்தால் பங்கு. விளையாவிட்டால் பண்ணையாரும் சேர்ந்துதான் வானத்தைத் திட்ட வேண்டும். இங்கேயும் வாரம்தான், ஆனால் ஏழு நாள் வாரம். சரக்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், வண்டி ஒர்க்‌ஷாப்பில் படுத்தாலும், நீங்களே ஆஸ்பத்திரியில் படுத்தாலும், வாரம் பிறந்தால் பிடித்தம்.

ஒரு வாரச் சீட்டைப் போட்டுப் பார்ப்போமா? தொகைகள் நான் எடுத்துக்கொண்டவை, தலைப்புகள் அவர்களுடையவை. 2,400 மைல் ஓட்டியிருக்கிறீர்கள். டீசல் படியையும் சேர்த்து மைலுக்கு 1.30 டாலர் என்றால் 3,120 டாலர். பெரிய பணம்! ஆனால் நீங்கள் முதலாளி ஆயிற்றே, டீசல் உங்கள் செலவு. கேலனுக்கு 6 மைல், கேலன் 4 டாலர் என்றால் 1,600 போயிற்று. வண்டித் தவணை 850. பராமரிப்பு நிதிக்கு மைலுக்கு 10 சென்ட் வீதம் 240. காப்பீட்டு வகையறா 200. எஸ்க்ரோ என்கிற பிணைத்தொகை 100. நம்பர் பிளேட்டுக்கும், நீங்கள் எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்று வேவு பார்க்கும் கருவிக்கு வாடகையுமாக 50. மீதி 80 டாலர். எட்டு நாளில் 70 மணி நேர வேலைக்கு மேல் போனால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பது அரசு விதி. அந்த விளிம்புவரை ஓடியிருந்தால் மணிக்கு ஒரு டாலரும் கொஞ்சம் சில்லறையும். வருமானம் என்று எது மிஞ்சினாலும் அதில் சுயதொழில் வரி 15.3 விழுக்காடு. அதாவது தொழிலாளி கட்ட வேண்டிய பங்கும் முதலாளி கட்ட வேண்டிய பங்கும் சேர்த்து. இரண்டுமே நீங்கள்தானே!

அடுத்த வாரம் ஒரு டயர் வெடித்தால் சீட்டின் அடியில் கழித்தல் குறி வரும். ஏழு நாள் உழைத்ததற்கு நீங்கள் கம்பெனிக்குக் கடன்பட்டிருப்பீர்கள். அதையும் தாண்டி 208 வாரம் ஓட்டிவிட்டீர்கள் என்றால் தவணையாக மட்டும் 1,76,800 டாலர் கட்டியிருப்பீர்கள். சில ஒப்பந்தங்களில் அதற்குப் பிறகும் கடைசித் தவணையாக ஒரு பெருந்தொகை காத்திருக்கும். அதற்கு பலூன் என்று பெயர். ஊதுவது கம்பெனி, வெடிப்பது உங்கள் முகத்தில்.

சரி, முதலாளிக்கு அதிகாரமாவது உண்டா? எந்தச் சரக்கை ஏற்றுவது என்று கம்பெனி சொல்லும். கட்டுப்படியாகாது என்று ஒருமுறை மறுத்துப் பாருங்கள், மூன்று நாளைக்கு போன் அடிக்காது. வேறு கம்பெனிக்கு ஓட்டலாம் என்றால் ஒப்பந்தம் விடாது. மூக்கணாங்கயிறு இன்னொருவர் கையில் இருக்கும் முதலாளியை உலகத்தில் வேறெங்கே பார்த்திருக்கிறோம்?

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் லீஸ் விதிகளுக்கு ‘ட்ரூத்-இன்-லீசிங்’ என்றே பெயர், குத்தகையில் உண்மை. எதையெதைக் கழிப்பாய் என்று எழுதிக் காட்டு என்கிறது அது. கழிக்காதே என்று சொல்லவில்லை. கத்தியைக் காட்டிவிட்டுக் குத்தினால் உண்மை காக்கப்பட்டது என்று பொருள்.

நியூ பிரைம் என்ற பெரிய கம்பெனிக்கு ஓட்டிய டொமினிக் ஒலிவேரா, நான் பெயருக்குத்தான் கான்ட்ராக்டர், உண்மையில் தொழிலாளி, உரிய கூலியைக் கொடு என்று 2015-ல் வழக்குப் போட்டார். நீதிமன்றம் எதற்கு, ஒப்பந்தப்படி நடுவரிடம் பேசிக்கொள்ளலாம் என்றது கம்பெனி. அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது, கான்ட்ராக்டர் என்று பெயர் சூட்டினாலும் போக்குவரத்துத் தொழிலாளிக்கு 1925-ஆம் ஆண்டின் நடுவர் சட்டத்திலேயே விலக்கு உண்டு என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 8-0 என்று சொன்னது. கூலி கிடைக்குமா என்பதற்கல்ல, கோர்ட் வாசற்படியை மிதிக்கலாமா என்பதற்கே நான்கு வருடம்.

இந்த வித்தைக்கு நல்லெண்ணம்கூட முகமூடியாகும். லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2008-ல் புகை கக்கும் பழைய லாரிகளைப் படிப்படியாக விலக்கத் தொடங்கின. காற்று சுத்தமாக வேண்டும், யார் வேண்டாம் என்றார்கள்? புது வண்டியின் விலையை யார் சுமப்பது என்ற கேள்விக்குத்தான் விடை தயாராக இருந்தது. கம்பெனிகள் வண்டி வாங்கி, பிழைப்புத் தேடி வந்த டிரைவர்களின் தலையில் லீஸாகக் கட்டின. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களிடம் ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வாரம் முழுக்க ஓட்டிவிட்டுச் சில்லறையோடும் கடனோடும் வீடு திரும்பியவர்களின் கதையை 2017-ல் யூஎஸ்ஏ டுடே நாளிதழ் ஆவணங்களோடு வெளியிட்டது. ஊர் சுவாசித்த சுத்தமான காற்றுக்கு வாரத் தவணை கட்டியவர்கள் அவர்கள்.

லீஸே வேண்டாம், சொந்தமாகப் பழைய வண்டி வாங்குகிறேன் என்கிறீர்களா? சபாஷ். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கூட மாட்டுக்குப் பெயின்ட் அடிப்பதில்லை. இங்கே பளபளவென்று குரோமும் டயருக்குக் கறுப்புப் பாலிஷும் இருக்கும். விற்பனைச் சீட்டில் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரு வரியும் இருக்கும். எது உடைந்தாலும் இனி உங்கள் பாடு.

2007-க்குப் பிந்தைய டீசல் எஞ்சின்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. 2010-க்குப் பிறகு யூரியாத் திரவம் தெளிக்கும் அமைப்பும் சேர்ந்தது. சில சென்சார்கள் முனகி, அதைக் கவனிக்காமல் விட்டால், 80,000 பவுண்டு எடையோடு வண்டி மணிக்கு 5 மைல்வரைகூட இறங்கிவிடும். நெடுஞ்சாலையில் நத்தை ஊர்வலம்! இதற்கு பயந்து முந்தைய ஆள் அந்தக் கருவிகளைப் பிடுங்கி எறிந்திருந்தால் அது கூட்டாட்சிச் சட்டத்தை மீறிய செயல், வண்டி இப்போது உங்கள் பெயரில். இன்னும் பழையதாக வாங்கித் தப்பிக்கலாம் என்றால், 2010-க்கு முந்தைய எஞ்சினை 2023 முதல் கலிபோர்னியா உள்ளே விடாது. நாவிஸ்டார் என்ற லாரித் தயாரிப்பாளரின் மேக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சினை நம்பி வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட, கம்பெனி 135 மில்லியன் டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. அந்த வண்டிகள் மலிவு விலையில் சந்தையில் நின்றபோது யார் வாங்கியிருப்பார்கள்? கையில் காசு குறைந்த நம் புது முதலாளிதான். எஞ்சின் ஆயிலைப் பரிசோதனைக்கு அனுப்பவும், எஞ்சின் கணினியில் பதிந்த ஓட்டத்தையும் கோளாறுகளையும் படித்துக் காட்டவும் விற்பவர் சம்மதிக்கவில்லையா, அந்த மாட்டுக்குச் சுழி சரியில்லை. எழுந்து வந்துவிடுங்கள்.

மறுபடி லீஸுக்கு வருவோம். அதன் கொடுமையை ஆராய 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசே ஒரு குழு அமைத்தது. 2025 ஜனவரியில் அது அறிக்கை தந்தது. திருத்துங்கள், சீர்செய்யுங்கள் என்ற மழுப்பல் இல்லை. இந்த லீஸ்-பர்ச்சேஸ் திட்டங்களையே தடை செய்யுங்கள் என்றது. அறிக்கைக்குத் தவணை கிடையாது, ஆகவே யாருக்கும் அவசரம் இல்லை.

இடையில் உங்களுக்குப் போதும் என்று ஆகிவிட்டதா? தாராளமாகப் போகலாம், எப்போது வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம் என்றுதானே விளம்பரமே செய்தார்கள். நீங்கள் போவதில்தான் அவர்களுக்கு லாபம். சாவியை மேஜைமேல் வையுங்கள். எஸ்க்ரோ பணம் 45 நாளுக்குள் வரும், கழிவு போக. மீதியைத் தேடாதீர்கள். பக்கவாட்டுக் கீறலுக்கு இவ்வளவு, தேய்ந்த டயருக்கு இவ்வளவு, கடைசி வரியில் வண்டியைக் கழுவிய கூலி. பளபளவென்றுதான் கழுவியிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் டோனட் பெட்டி வந்துவிடும்.