வெட்டாத பதினோரு கத்திகள்

எங்கள் வீட்டில் மடக்குக் கத்தி பதினொன்று இருக்கிறது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் திறந்துகொண்டிருந்தோம்.

இது எப்படி என்று என் மனைவி இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கூரியர் பார்சல் வந்தால் நான் கத்திகள் இருக்கும் பிஸ்கட் டப்பாவை எடுக்க உள்ளே ஓடுவேன். பதினொன்றில் எது பொருத்தம் என்று யோசித்து, துணியால் துடைத்து, நகத்தால் நெம்பி விரித்துக்கொண்டு வருவதற்குள் அவள் ஸ்கூட்டி சாவியால் டேப்பைக் கிழித்து, உள்ளே இருந்த சுடிதார் வேறு சைஸ் என்று திருப்பி அனுப்பவும் முடிவு செய்திருப்பாள்.

வினை அப்பா வழியில் வந்தது. அவருக்கு ஆவடிப் பக்கம் தொழிற்சாலை வேலை. சட்டைப் பையில் ரயில் பாஸ், பொடி டப்பா, கொம்புப் பிடி போட்ட ஒரு பேனாக்கத்தி. அதில்தான் எனக்குப் பென்சில் சீவித் தருவார். கூர் திருப்தியாக அமையும் வரை விடமாட்டார். அவர் திருப்தியடையும்போது பென்சில் பாதிதான் இருக்கும்.

‘பேனா’ போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்றும் பொருள். இறகின் தண்டைச் சீவி மையில் தொட்டு எழுதிய காலத்தில், அதைச் சீவுவதற்கென்றே பிறந்த கத்தி இது. இறகு போய்ப் பென்சில் வந்தது. பென்சிலுக்கும் ஷார்ப்னர் வந்துவிட்டது. வேலையிழந்த கத்தி, ஞாயிற்றுக்கிழமை வேலையில்லாத என்னிடம் வந்து சேர்ந்தது.

சேர்க்க ஆரம்பித்த பிறகுதான் இந்தப் பைத்தியத்துக்கு ஊருக்கு ஊர் கிளை உண்டென்று தெரிந்தது. பழைய இந்திப் பட வில்லன்கள் கடகடவென்று விரிப்பார்களே, அந்த ராம்பூர் கத்திக்கு 2023-ல் அந்த ஊர்க்காரர்கள் நாற்சந்தியில் 20 அடி உயரத்துக்கு ஒரு கத்தியையே நட்டுவிட்டார்கள். நம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் அதைவிடப் பெரிது. ஆனால் மடங்காது. கத்தியின் அலகு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்தைத் தாண்டினால் ஆயுதச் சட்ட விதிகள் எட்டிப் பார்க்கும். வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் விலக்கு உண்டு. என்னிடம் உள்ளதில் பெரியதே மூன்றரை அங்குலத்தைத் தொடவில்லை. சட்டம்கூட என்னைப் பொருட்படுத்தவில்லை.

எதையும் தமிழன்தான் முதலில் செய்தான் என்கிற கூட்டத்தில் நான் இல்லை. கத்தி விஷயத்தில் மட்டும் சேர்ந்துவிட்டேன். கார்ல் எல்செனர் 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கி, 1897-ல் அந்தப் புகழ்பெற்ற அதிகாரிகள் கத்தியைப் பதிவு செய்தார். அதற்கு முன்பே இங்கே ஏடு எழுதியவர்கள் மடக்கெழுத்தாணி வைத்திருந்தார்கள். பிடி ஒன்று, ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வாரும் கத்தி. வேலை முடிந்ததும் இரண்டையும் பிடிக்குள் மடக்கி இடுப்பில் செருகிக்கொள்ளலாம். உ.வே.சா.வே ‘என் சரித்திர’த்தில் எழுத்தாணி வகைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இதை ஒருநாள் சாப்பிடும்போது ஆவேசமாகச் சொல்லி முடித்தேன்.

“அதுல டின் திறக்கறது இருந்துச்சா?” என்றாள் மனைவி.

பதினொன்றில் ராஜா, பிரான்சிலிருந்து சித்தி மகன் கொண்டுவந்த ஒபினெல் எட்டாம் நம்பர். சவாய் மலைப் பக்கம் ஜோசப் ஒபினெல் 1890-ல் குடியானவர்களுக்காகச் செய்த கத்தி. மரப்பிடி, கழுத்தில் ஒரு வளையம். அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். வளையம் 1955-ல்தான் வந்தது. அவன் கத்தியை நீட்ட, நான் கை நீட்ட, அம்மா குறுக்கே பாய்ந்தாள்.

“டேய், கத்தியைக் கையில குடுக்காதே, சண்டை வரும். கீழ வை.”

ஆல்ப்ஸிலிருந்து வந்த கத்தி எங்கள் வீட்டு மொசைக் தரையில் வைக்கப்பட்டு எடுக்கப்பட்டது. கார்பன் இரும்பு, எங்கள் பட்டாபிராம் புழுக்கத்தில் மூன்றாம் நாள் துரு. அன்றிலிருந்து அம்மா தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயில் அதற்கும் ஒரு பங்கு.

அதற்கும் ஒரே ஒரு வேலை கிடைத்தது. ஒரு ராத்திரி இந்துக் கல்லூரி ஸ்டேஷன் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கறிக்குழம்பு கொண்டுபோகச் சொன்ன அம்மா, “இருட்டுல போற, இரும்பு ஒண்ணு கூட வெச்சுக்கோ” என்றாள். ஒபினெலைப் பெருமையோடு தூக்கின் மேல் வைத்தேன். மற்ற கத்திகளெல்லாம் எவர்சில்வர். அதற்குப் பேய் பயப்படுமா என்று ஒரு சந்தேகம் கேட்டேன்.

“குழம்பே எவர்சில்வர் தூக்குலதானடா இருக்கு. அதுக்குப் பயந்தா இரும்பு எதுக்கு?”

குழம்பு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

என் கர்வம் அடங்கியது ரயிலில். திருவள்ளூர் வண்டியில் கொய்யா விற்கும் அம்மாவின் கையில் ஒரு ஆக்ஸா பிளேடு கத்தி. பட்டறையில் இரும்பறுத்துத் தேய்ந்த பிளேடை உடைத்து, தீட்டி, பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றியது. அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் இருக்கையில் பிளேடுக்கா பஞ்சம்! பழத்தை உள்ளங்கையில் வைத்து நாலு கீறு கீறினால் பூவாக விரியும், அடி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மிளகாய்த்தூளும் உப்பும் உள்ளே போகும். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் கையில் ஒரு கீறல் கிடையாது. ஆசை தாங்காமல் என் ஒபினெலைக் கொடுத்து ஒரு பழம் நறுக்கச் சொன்னேன். நறுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“மொக்கையா கீது சார்.”

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. இங்கே 21 மாடி டைடல் பார்க் வந்துவிட்ட பிறகும் சாணை பிடிப்பவர் எங்கள் தெருவுக்குச் சைக்கிளில்தான் வருகிறார். மனைவி அரிவாள்மனையோடும் இரண்டு கத்தரிக்கோலோடும் போனாள். நான் டப்பாவோடு போனேன். ஸ்டாண்டைப் போட்டு மிதித்து அரிவாள்மனையில் பொறி பறக்கவிட்டவர், என் கத்திகளை ஒவ்வொன்றாக விரித்து, கட்டைவிரலால் தடவி, மடக்கி வைத்தார்.

“இதெல்லாம் வேலையே பாக்கலியே சார். கல்லுல வெச்சா சும்மா தேஞ்சுதான் போவும். அப்படியே வெச்சுக்கோங்க.”

மனைவி என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதை எனக்குத் தெரியும்படி செய்தாள்.

பேச்சை மாற்ற அவர் பெட்டியை எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு ஆக்ஸா பிளேடு கத்தி, சைக்கிள் டியூப் பிடி. பேரம் பேசி நாற்பது ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். பன்னிரண்டாவது. மடங்காது என்பதால் டப்பாவில் வைக்க எனக்கு மனமில்லை, மனைவியும் விடவில்லை. இப்போது அது அடுப்பங்கரை ஆணியில் தொங்குகிறது. பால் பாக்கெட்டை அதில்தான் திறக்கிறோம்.