உச்சவரம்பு உண்டா?

கேள்வி: கள்ளக்குறிச்சியில் எம்.எஸ்ஸி. படிக்கும் என் தம்பி, ‘லைன் பண்டில்’ ஒன்றுக்கு எத்தனை ‘செக்‌ஷன்’ என்று உச்சவரம்பு கட்டலாம் என்கிறான். நிலத்துக்கே சரியாகக் கட்ட முடியவில்லையே!
- ஒரு வாசகி, வெள்ளிமலை

பதில்: நிலத்தில் பினாமி உண்டு, இதில் கிடையாதே! கணிதத்தில், வளைவரையின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கோட்டை நட்டால் அது லைன் பண்டில்; ஒவ்வொரு கோட்டிலும் ஒரு புள்ளியைச் சீராகத் தேர்ந்தால் அது செக்‌ஷன். வளைவரை ஒன்றின் மேல் படி 5 உள்ள லைன் பண்டில் இருக்கிறது என்றால், ஒன்றையொன்று சாராத செக்‌ஷன்கள் அதிகபட்சம் 6. ‘இந்தப் புள்ளியில் பூச்சியமாகு’ என்று ஒரு நிபந்தனை போட்டால், அதிகம் போனால் ஒன்றுதான் குறையும். ஆனால் 6 புள்ளிகளில் போட்டுவிட்டால் எதுவும் மிஞ்சாது. படி 5 என்றால் 5 பூச்சியங்களுக்கு மேல் தாங்காது. பள்ளியில் படித்த பல்லுறுப்புக்கோவைக் கதைதான்.

பரிமாணம் கூடினால் சிக்கலும் கூடும். அங்கே கைகொடுப்பவர் 1932இல் காஞ்சிபுரத்தில் பிறந்த கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி. ஒரு புள்ளி வழியே போகும் ஒவ்வொரு வளைவரையிலும் பண்டிலின் படியை, அந்த வளைவரை அப்புள்ளியை எத்தனை மடங்காகக் கடக்கிறது என்பதால் வகுக்க வேண்டும். வரும் விடைகளின் கீழெல்லைதான் ‘சேஷாத்ரி மாறிலி’. பெயர் சூட்டியவர் பிரெஞ்சுக்காரர் தெமாயி.

எண்கணித வடிவியலில் செக்‌ஷனுக்கு நீளமும் உண்டு. குட்டையானவற்றை மட்டுமே எண்ணுவார்கள். உதாரணமாக, நீளம் (குறியை விட்ட மதிப்பு) 5க்கு மிகாத முழு எண்களைத் தம்பியை எண்ணச் சொல்லுங்கள். விடை 11, கைவிரல் போதாது, கால்விரல் ஒன்றும் வேண்டும்!