டப்பாவ மேல்தட்டுல வைக்காதீய

ஏ மக்கா, பண்டிகைக்கு ஊருக்கு வாறீய, சந்தோசம். டிசம்பர் 23ஆம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறணும்னா அக்டோபர் 24ஆம் தேதி காலைல எட்டு மணிக்கே செல்போனும் கையுமா ஒக்காரணுமாம். முன்ன 120 நாள் கணக்கு. 2024 நவம்பர்லேருந்து அத 60 நாளாக் கொறச்சிட்டாவளாம். எட்டு அடிச்சு ரெண்டு நிமிசத்துல வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போயிருதுன்னு எங்க சின்னவன் பொலம்புதான். அப்பிடி அடிச்சுப் புடிச்சு ஏறி, ராத்திரி பூரா பிள்ளைய ஒரு கையாலயும் பெட்டிய ஒரு கையாலயும் அணைச்சுக்கிட்டு வந்து, காலங்காத்தால நம்ம வாசல்ல எறங்கி நிக்கீயல்லா, அந்த மொகரையத்தான் நான் வருசா வருசம் காத்திருந்து பாக்குதேன். லீவுக்கு வந்த ஆளு மாதிரியா இருக்கு? ஜப்திக்கு வந்த அமீனா மாதிரில்லா இருக்கு.

போன வருசம் வந்து காப்பி குடிச்ச ஏனம் காயல, சின்ன மருமவ ஒரு தாள எடுத்து ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுனா. என்னம்மா தாயி இதுன்னு கேட்டேன். "பிள்ளைங்களுக்கு லீவு பிளான் மாமா"ன்னா. கண்ணாடிய மாட்டிக்கிட்டு வாசிச்சேன். பத்துலேருந்து பதினொண்ணு கைவேலை. பதினொண்ணுலேருந்து பதினொண்ணர தாத்தா பாட்டி நேரம். அதுக்கப்புறம் பழம். அதுக்கப்புறம் வாசிப்பு. எங்க ரெண்டு பேருக்கும் சேத்து அரைமணி நேரம்! ரேசன்ல மண்ணெண்ண ஊத்துதவன் கூட இதவிடத் தாராளமா ஊத்துவான். அதுலயும் பாதி அவ மாமியாருக்குப் போயிரும், எனக்கு மிச்சம் கால் மணி. நான் ஒண்ணும் சொல்லல. ஆசையா ஒட்டுன பிள்ள. மறுநாள் காலைல பாத்தா அந்தத் தாளு ஆட்டுக்குட்டி வாயில கெடக்கு. ஃபிரிட்ஜ் கதவு வரைக்கும் ஆட்டுக்குட்டிக்கு எட்டுமாப்பான்னு சின்னவன் என்ன ஒரு மாதிரியாப் பாத்துக் கேட்டான். எட்டாதுதான்.

சரி, பெரிய மனுசன்னு ஒருத்தன் இருக்கேன். பிள்ளையள வச்சுக்கிட்டு லீவ எப்பிடிக் கழிக்கணும்னு எனக்குத் தெரிஞ்ச சூட்சுமம் ஒண்ணு ரெண்டு சொல்லுதேன். கேட்டாக் கேளுங்க, கேக்காட்டா ஆட்டுக்குட்டி இருக்கு.

மொதல்ல, கடையில வாங்கிட்டு வாற அந்தப் பிளாஸ்டிக் நட்சத்திரத்தப் பெட்டிக்குள்ளயே திருப்பி வைங்க. பொத்தானத் தட்டுனா எட்டு விதமா மினுக்குது. வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நிக்குன்னு நெனச்சு பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்து, "யாருக்கு என்ன செய்யுது?"ன்னு கேக்கா. நான் மூங்கில் பொளந்து வச்சிருப்பேன், பத்துப் பிளாச்சு. அஞ்ச மேலயும் கீழயுமா மாத்திக் கோத்துக் கட்டுனா ஒரு நட்சத்திரம். மிச்ச அஞ்சுல இன்னொண்ணு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அஞ்சு மூக்கையும் நூலால இறுக்கிட்டு, நடுவுல அஞ்சு குட்டிக் குச்சிய முட்டுக் குடுத்தாப் போதும், கலியாணச் சாப்பாடு சாப்பிட்ட வயிறு மாதிரி உப்பி நிக்கும். அதுக்குள்ளதான் பல்பு. மேல ஒட்டுததுக்குக் கலர்த்தாளு, மைதாப் பசை. பசை தடவுதது பெரியவன் மவனோட சோலி, அவனுக்கு அஞ்சு வயசு. தாள்ல கால்வாசி, சட்டையில கால்வாசி, மிச்சம் வாயில. மைதாதானே, வயித்துக்குள்ளயே ஒட்டிக்கிடட்டும்.

போன வருசம் அவன் ஒட்டுனதுல ஒரு மூக்கு கோணிக்கிட்டு, நேரே பக்கத்து வீட்டுக் கோழிக்கூட்டப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. கெழக்கேருந்து ஞானிக வந்திருந்தா பொன்னையும் தூபத்தையும் கோழிக்கூட்டுலதான் எறக்கி வச்சிருப்பாவ. அவுக அப்பன் அதப் பிச்சுத் திருத்தப் போனான். தொடாதலே, ஒன் இஞ்சினியர் வேலையப் பெங்களூர்ல வச்சுக்கோன்னுட்டேன். ஜனவரி 6 வரைக்கும் அந்தக் கோண மூக்கோடதான் எரிஞ்சுது.

அடுத்தது அடுக்களை. அங்க எனக்கு அதிகாரம் கெடையாது, ஆனா வாசப்படி வரைக்கும் பாஸ்போர்ட் உண்டு. முந்திரிக்கொத்துன்னு பேரு வச்சிருக்காவ, பூதக்கண்ணாடி வச்சுத் தேடுனாலும் அதுல ஒரு முந்திரி கெடையாது. வறுத்து அரைச்ச சிறுபயத்த மாவு, தேங்காப்பூ, கருப்பட்டிப் பாகு. அத உருண்டை புடிச்சு, மூணு மூணா அரிசிமாவுக் கரைசல்ல முக்கி எண்ணெயில போடுததுதான். முந்திரியெல்லாம் தூத்துக்குடி மக்ரூன்ல போயில்லா குடியேறிட்டு. மக்ரூன நம்ம மழக்காத்துல ஒரு பொழுது தொறந்து வச்சாச் சவசவன்னு போயிரும். முந்திரிக்கொத்து நம்ம ஊரு ஆளு மாதிரி, என்ன மழ அடிச்சாலும் மொரட்டுத்தனமாக் கெடக்கும்.

அந்த உருண்டை புடிக்குத வேலைய பிள்ளையள்ட்ட விடுங்க. அடுப்புக்கிட்ட வேண்டாம், பட்டாசல்ல பாய விரிச்சு, சுளவுல மாவக் கொட்டிக் குடுங்க. பேத்தி உருட்டுனதப் பாத்தேன். ஒண்ணு எலுமிச்சங்கா, ஒண்ணு நெல்லிக்கா, ஒண்ணு கோலிக்குண்டு. மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, "இது அப்பா, இது அம்மா, இது தம்பி"ன்னா. நீ எங்கட்டீன்னு கேட்டேன். "நான்தான் அதத் திங்கப் போறேன்லா"ன்னா. இவளுக்குச் சென்னையில மாசம் எத்தனையோ ஆயிரம் பீஸ் கட்டி யோசிக்கக் கத்துக் குடுக்காவளாம். என்னத்தக் கத்துக் குடுக்க?

பொரிச்சு எடுத்தத டப்பாவுல போட்டு மூடுதீயல்லா, அந்த டப்பாவ மட்டும் மேல்தட்டுல வைக்காதீய. பிள்ளைய கைக்கு எட்டுத மாதிரி கீழ்த்தட்டுல வைங்க. தானா எடுத்துத் திங்கப் பழகுனாத்தான் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வரும். நான் சும்மா சொல்லல, ஒங்க தாளுலயே அப்பிடி ஏதோ எழுதியிருந்துச்சு.

வீட்டுக்குள்ளயே கெடக்காம சாயங்காலம் தேரிக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. செம்மண்ணுக்குத் துட்டு கேக்க மாட்டாவ. போன தடவ பேரன் மெஞ்ஞானபுரம் கோயில் கட்டுதேன்னு ஒக்காந்தான். அந்தக் கோபுரம் 192 அடி, இவன் கட்டுனது ஒரு சாணு. கட்டுவான், சரியும். கட்டுவான், சரியும். அவுக அப்பன் நிமிசத்துக்கு ஒரு தடவ மணியப் பாத்துக்கிட்டு, "போதும்ல, வா, சாப்பிடப் போவணும்"ங்கான். நான் சொன்னேன்: ஏலே, எடையங்குடில கால்டுவெல் ஐயரு 1847ல கோயில் கட்டத் தொடங்கி 1880லதான் பிரதிஷ்டை பண்ணாரு, 33 வருசம். அவரும் இதே மாதிரி தேரிக்காட்டுலதான் கட்டுனாரு. நடுவுல யாரும் போயி, "சோறு ஆறுது, எந்திரிங்கய்யா"ன்னு கையப் புடிச்சு இழுக்கல. ஒன் மவனுக்கு முக்கா மணி நேரம் குடுத்தா என்ன கொறஞ்சு போவும்?

அவனும் சரின்னு ஒக்காந்தான். மொதல்ல மண்ணு அள்ளிக் குடுத்தான். அப்புறம் ஒரு பக்கச் செவர மட்டும் நிமித்துதேன்னான். அப்புறம் கோபுரத்துக்குப் பனஓலை ஈக்கு வேணும்னு என்னைய வெரட்டுனான். கடைசில பாத்தா, பேண்ட்ட மடிச்சு விட்டுக்கிட்டு இவன் ஒத்தையில கட்டுதான், பிள்ளையத் தொட விடமாட்டேங்கான். பேரன் என்ட்ட வந்து பிராது குடுக்கான்: "தாத்தா, அப்பா எனக்குத் தர மாட்டேங்காங்க." இருட்டுன பொறவு டார்ச் அடிச்சு ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

24 ராத்திரி கீதபவனி வரும். ஆர்மோனியமும் டிரம்முமா வீடு வீடாப் பாடிக்கிட்டு, கூட ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. 2024ல அந்த வேசத்த எந் தலையில கட்டிட்டாவ. செவப்புச் சட்டை எந்தக் காலத்துலயோ தச்சது, எலி கடிச்ச ஓட்டைய எல்லாம் தாடிப் பஞ்ச வச்சே அடைச்சிருக்கு. முகமூடியோட நம்ம வீட்டுக்குள்ள போனதும் பேரன் அலறிக்கிட்டு மேசைக்கடியில ஓடிட்டான். மருமவ அவன இழுத்து எம் மடியில வச்சு போட்டோ எடுக்கணும்னு நிக்கா. வேண்டாம்மா தாயி. நெசமான நிக்கொலாஸ் இப்ப துருக்கியில இருக்க மீரா ஊருக்கு ஆயரா இருந்தவரு, அவருக்குள்ள நாளு டிசம்பர் 6. எந்தப் பிள்ளையையும் அலற அலற மடியில வச்சுப் போட்டோ எடுத்ததா அவரப் பத்தி ஒரு பேச்சும் கெடையாது.

பேத்தி மட்டும் பயப்படல. கிட்ட வந்தா, குனிஞ்சு எங் காலப் பாத்தா. "தாத்தா, ஒங்க பெருவெரலு"ன்னா. மண்வெட்டி பட்டு கொட்டாங்கச்சி மாதிரி ஆன நகம், ஊருலயே எனக்கு மட்டுந்தான் உண்டு. செருப்ப மாத்திப் போட்டுட்டுப் போயிருக்கணும். அவ காதுல மெல்லச் சொன்னேன்: யார்ட்டயும் சொல்லாதட்டீ, தாத்தா ஓவர்டைம் பாக்கேன். தலைய ஆட்டிட்டுப் போயிட்டா. மறுநாள் கோயில் விட்டு வந்ததும் கைய நீட்டுனா. என்னத்துக்குட்டீன்னேன். "ரகசியத்துக்கு"ன்னா. பத்து ரூவா போச்சு.

கோயில்னதும் ஞாபகம் வருது. விடியக்காலம் நாலு மணி ஆராதனைக்குப் பிள்ளையள எழுப்பி, குளிப்பாட்டி, சட்ட மாட்டுததுக்குள்ள வீடே போர்க்களம் ஆயிருது. எங்க அம்மை எனக்குச் செஞ்ச வித்தைய சொல்லுதேன். ராத்திரியே குளிப்பாட்டி, புதுச்சட்டையப் போட்டே படுக்க வைங்க. நாலு மணிக்குத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு நடக்க வேண்டியதுதான். "கசங்கிராதா மாமா?"ன்னு கேக்கா. கசங்கத்தான் செய்யும். ஐயரு பிரசங்கம் முடியையில கசங்காம யாரு இருக்கா?

இன்னொண்ணு கேளுங்க. 2023ல பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில மழ ஊத்துச்சுல்லா, டிசம்பர் 17, 18. காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். ஆத்தங்கரையில வீட்டையும் மாட்டையும் பறிகுடுத்தவுக உண்டு, அத வச்சு நான் வேடிக்கை பேச மாட்டேன். நம்ம வளவுல முழங்கால் தண்ணியோட போச்சு. கரண்டு நாலு நாளு கெடையாது. சின்னவன் அந்த வருசம் பார்த்து பத்து நாளு முந்தியே குடும்பத்தோட வந்து மாட்டிக்கிட்டான். செல்போன் செத்துப் போச்சு. அவன் அதக் கையில வச்சுத் தடவித் தடவிப் பாத்தத நீங்க பாத்திருக்கணும். பேத்தி எம் பக்கத்துல பாயில படுத்துக்கிட்டு தவளச் சத்தத்த எண்ணுனா. முப்பத்தொம்பது வரைக்கும் எண்ணுவா, அதுக்கு மேல தெரியாது, திரும்ப ஒண்ணுலேருந்து தொடங்குவா. முறுக்கு சுடல, கேக்கு வாங்கல, நட்சத்திரம் கட்டல. லீவு முடிஞ்சு போனப்ப, பண்டிகைக்கு என்ன செஞ்சீங்கன்னு டீச்சர் படம் வரையச் சொன்னாவளாம். மத்த பிள்ளைய மரமும் கேக்கும் வரஞ்சிருக்கு. இவ தாளு பூராத் தவள. ஒங்க பிளான்ல எத்தன மணிக்கும்மா தவளைய வைப்பிய?

இனி கடைசிச் சங்கதி, இதுதான் முக்கியம். பண்டிகை அன்னைக்கு மத்தியானம் கறிச்சோறு தின்னதும் நீங்க ரெண்டு பேரும் மச்சுக்குப் போயி கதவச் சாத்திட்டுத் தூங்குங்க. பிள்ளையள நாங்க பாத்துக்கிடுதோம். போன வருசம் எங் கட்டாயத்துக்குச் சின்னவனும் மருமவளும் போயி மூணு மணி நேரம் தூங்குனாவ. எந்திரிச்சு வந்து, தார்சாவுல ஒக்காந்து, ஒரே தம்ளர் காப்பிய மாத்தி மாத்திக் குடிச்சுக்கிட்டு, கலியாணமான புதுசுல நடந்த ஏதோ ஒரு கூத்தப் பேசிச் சிரிச்சாவ. பேத்தியும் அவ தம்பியும் வெளையாட்ட விட்டுட்டு, சர்க்கஸ் வந்த மாதிரி அவுக மொகத்தயே பாத்துக்கிட்டு நின்னுச்சுவ.

அந்த மூணு மணி நேரமும் பிள்ளையள நான் எப்பிடிப் பாத்துக்கிட்டேன்னு கேப்பீய. சொல்லுதேன். எனக்குச் சக்கரை இருக்கு. டாக்டரு, "இனிப்பக் கையால தொடக்கூடாது"ன்னுட்டாரு. அவரு பேச்ச நான் மீறுனதில்ல. நான் சும்மா வாயத் தொறந்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன், பேத்தி கீழ்த்தட்டு டப்பாவத் தொறந்து எடுத்துப் போட்டா. தொட்டது பூரா அவ கைதான். ஆனா அந்தத் தகரமூடி சவம், தொறக்கத் தொறக்க ‘டொப்பு டொப்பு’ன்னுக்கிட்டு. உள்ள கண்ண மூடிப் படுத்திருந்த ஒங்க அம்மை, படுத்த மேனிக்கே சத்தம் குடுத்தா:

"ஏட்டீ, எத்தன கொத்துட்டீ தின்ன?"

"எனக்கு ரெண்டு பாட்டி, தாத்தாவுக்கு அஞ்சு."

பத்து ரூவாய்க்குப் பாத்துக்கிட்டு நான் கூலி பேசாம விட்டது தப்பு. இந்த வருசம் பிள்ளைய ரயில விட்டு எறங்குனதுமே பேசி முடிச்சிரணும்.