கத்தரிக்காயின் பார்வையில்

1948இல் ஹிட்ச்காக் ‘ரோப்’ எடுத்தபோது டெக்னிகலர் கேமரா அவ்வளவு பெரிசு. அது நகர்ந்து வருகிறதென்றால் செட்டின் சுவர்களே சக்கரத்தில் உருண்டு வழிவிட்டன. 1981இல் வெளிவந்த ‘டாஸ் பூட்’ படத்துக்கு நீர்மூழ்கிக் கப்பலின் உட்புறத்தைக் குறுகல் குறையாமல் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ, ஆட்டத்தைத் தணிக்கும் கைரோஸ்கோப் பொருத்திய சின்ன ஆரிஃப்ளெக்ஸைக் கையில் பிடித்து, இடிபட்டால் தாங்க உடம்பில் கவசமும் மாட்டிக்கொண்டு, அந்த இடுக்கில் ஓடினார்.

இப்போது ஓட வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு ஆக்‌ஷன் கேமரா வந்துவிட்டது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தபால் பெட்டி என்று அது நுழையாத இடமில்லை. கதாநாயகன் தண்ணீர் பாட்டில் எடுப்பதைக் கத்தரிக்காயின் பார்வையில் காட்டினால்தான் இயக்குநருக்குத் தூக்கம் வரும்.

கேமராவும் சும்மா விடுமா? அகலமாகப் பார்க்கும் லென்ஸ். ஒரு சாண் தூரத்தில் முகம் வந்தால் மூக்கு முன்னால் வந்து நிற்கும், காதுகள் அடுத்த ஊருக்குப் போய்விடும். சென்சார் சின்னது, இருட்டில் படம் முழுக்க மணல் தூவும். குளிரில் பேட்டரி சோர்ந்துபோகும். வெளியே எடுத்தால் லென்ஸில் ஈரம் படியும். உதவியாளர் சட்டை நுனியால் துடைப்பார். அடுத்த டேக்கில் அந்தக் கறையும் சேர்ந்து நடிக்கும். (சம்பளம் கேட்காத ஒரே நடிகர்.)

கடைசியில் ஃபிரிட்ஜின் முதுகை அறுத்து, பெரிய கேமராவையே பின்னால் வைப்பார்கள். ரசிகருக்கு வித்தியாசம் தெரியாது. தயாரிப்பாளருக்குத் தெரியும், ஃபிரிட்ஜுக்குப் பணம் கொடுத்தவர் அவர்தான்.