சட்டைக்கும் ஒரு தலையணை

கேள்வி: ஸ்கிரீனில் அச்சிட்ட பனியனைச் சூட்டோடு அமுக்கும் ஃபியூசிங் மெஷினில் வைத்து எடுத்தால், படத்தைச் சுற்றிக் கட்டம் கட்டினாற்போல் ஒரு பளபளப்பு விழுகிறது. குற்றம் மையினுடையதா, துணியினுடையதா? (அச்சுத் தொழில் செய்பவர், பல்லடம்)

பதில்: அந்தக் கட்டத்தை இஞ்சி டேப்பால் அளந்துவிட்டு, மெஷினின் மேல்தகட்டையும் அளந்து பாருங்கள், இரண்டின் நீள அகலமும் ஒன்றாயிருந்தால் குற்றவாளி தன் கையெழுத்தையே போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று அர்த்தம். பருத்தி நூலின் மேல் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் மெல்லிய இழைகள் நாலா திசையிலும் நீட்டிக்கொண்டிருந்து, விழும் ஒளியைச் சிதறடிப்பதாலேயே துணிக்கு அந்த மங்கலான, மிருதுவான தோற்றம் உண்டாகிறது. உஷ்ணமும் பாரமும் ஒருங்கே சேர்ந்து, விளைந்த வயலில் எருமை படுத்தெழுந்த இடம்போல அவ்விழைகளைப் படுக்க வைத்துவிட்டால், அந்த இடம் மட்டும் ஒளியை ஒரே பக்கம் திருப்பி அனுப்பிப் பளபளக்கிறது. கறுப்பிலும் கருநீலத்திலும் இது அதிகமாகத் தெரியும். வெள்ளையிலும் இருக்கவே செய்யும். சட்டையை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அங்கேயும் கோடு எழுந்து நிற்கும்.

ஆகையால் முதலில் அழுத்தத்தைக் குறையுங்கள், அப்புறம் நேரத்தை, அதற்கும் அப்புறம் உஷ்ணத்தை. பிளாஸ்டிசால் மை கெட்டிப்பட அதன் கனம் முழுவதற்கும் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும் என்பது மெய்தான். ஆனால் டிரையரில் ஏற்கெனவே நன்றாகக் காய்ந்து வந்த அச்சைச் சமன்படுத்துவதற்காக மட்டும் தகட்டை இறக்குகிறீர்கள் என்றால், சில விநாடிகள் போதுமான இடத்தில் அரை நிமிஷம் அமுக்கி வைத்திருப்பது துணிக்குச் செய்யும் கொடுமை.

கேள்வி: ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு உத்தமமான மை எது? (மாணவர், கோவை)

பதில்: காய்ந்த மை.

கேள்வி: டெஃப்லான் ஷீட் போட்டும் கோடு விழுகிறதே? (வாசகர், ஈரோடு)

பதில்: விழத்தான் செய்யும். டெஃப்லான் மை ஒட்டாமல் காக்குமே தவிர, தகட்டின் விளிம்பை மழுங்கச் செய்யாது. விளிம்பு துணியைத் தொடாமலிருக்க வேண்டுமானால் சட்டைக்கு ஒரு தலையணை கொடுங்கள்! வேடிக்கையாகச் சொல்லவில்லை. உஷ்ணம் தாங்கும் ஸ்பாஞ்சை டெஃப்லான் உறையில் தைத்து, அச்சைக் காட்டிலும் சற்றே பெரிதாகவும் மேல்தகட்டைக் காட்டிலும் சிறிதாகவும் வைத்துக்கொண்டு, அதைச் சட்டையின் உள்ளே படத்துக்கு நேர் கீழே செருகினீர்களானால், படமிருக்கும் பாகம் மட்டும் மேடாக எழுந்து சூட்டை வாங்கிக்கொள்ள, கழுத்துப் பட்டியும் தையலும் பொத்தானும் பள்ளத்தில் பத்திரமாக இருக்க, தகட்டின் விளிம்போ வெறும் ஆகாயத்தில் நிற்கும். கோடு எங்கிருந்து வரும்?

இந்த வித்தை நம் ஊருக்குப் புதிதென்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். தெருமுனையில் கரிப்பெட்டி வைத்துத் தேய்க்கிறவர் கறுப்புக் கால்சட்டையைக் கையிலெடுத்ததும் என்ன செய்கிறார் என்று நின்று கவனித்திருக்கிறீர்களா? ஒன்று உட்புறத்தை வெளியே திருப்பிக்கொள்கிறார். அல்லது பழைய வேட்டித் துண்டொன்றை நனைத்துப் பிழிந்து மேலே விரித்து, அதன்மேல் பெட்டியை ஓட்டுகிறார். ஆவி குப்பென்று எழும்பும். துண்டை எடுத்தால் மடிப்பு கத்திபோல் நிற்கும், பளபளப்பு மட்டும் இராது. உஷ்ணத்தை நேராகக் கொடுக்காமல் இடையில் ஒரு மெத்தென்ற வஸ்துவை வைத்துக் கொடுப்பது என்கிற பெரிய தத்துவத்தை எந்தக் கல்லூரியும் அவருக்குப் போதிக்கவில்லை. அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஃபியூசிங் மெஷின் வாங்கப் போங்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

கேள்வி: பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டையைப் பற்றித் தங்கள் அபிப்பிராயம்? (வாசகர், கரூர்)

பதில்: நான் பருத்தியின் பட்சம், அதில் ஒளிவுமறைவு கிடையாது. பருத்தி உருகாது, மிஞ்சினால் கருகும். பாலியெஸ்டரோ எழுபது எண்பது டிகிரியைத் தாண்டும்போதே உள்ளுக்குள் இளகத் தொடங்கிவிடுவதால், அந்த நிலையில் வாங்கிய அமுக்கலை ஆறிய பிறகும் மறவாமல் வைத்துக்கொள்கிறது, துவைத்தாலும் போகாது. போதாக்குறைக்கு, சூடு அதிகமானால் துணியின் சாயமே ஆவியாகி மைக்குள் புகுந்துவிடும். சாயந்திரம் சிவப்புச் சட்டையில் பளிச்சென்று அச்சிட்ட வெள்ளை எண் மறுநாள் ரோஜா நிறத்தில் சிரிப்பது இதனால்தான். 130 டிகிரியையொட்டிக் காயும் மையும், சாயத்தைத் தடுக்கும் சாம்பல் நிற அடிப்பூச்சும் கடையில் கிடைக்கின்றன, வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அச்சிட்ட சட்டைகளைச் சூட்டோடு அடுக்கலாமா? (வாசகி, அவிநாசி)

பதில்: தோசையைக்கூடச் சூட்டோடு அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சோதனை வேண்டுமா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே? (அவசரக்காரர், சேலம்)

பதில்: பானை ஒன்றாயிருந்தால் அந்த நியாயம் செல்லும். உங்களிடம் ஏழு நிறம் இருந்தால், ஏழு பானை.

கேள்வி: நான் ஃபியூசிங் மெஷினில் நிற்கிறேன். பீஸில் கோடு விழுந்தால் என் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள். நான் அவர்கள் சொன்ன நேரத்துக்குத்தான் எடுக்கிறேன். என்ன செய்வது? (தொழிலாளி, திருப்பூர்)

பதில்: சகோதரி, மெஷின் சூடேறுவதற்கு முன் காலையில் ஒரு காரியம் செய்யுங்கள். செய்தித்தாளை நாலு நறுக்காகக் கிழித்துத் தகட்டின் நாலு மூலையிலும் பாதி வெளியே தெரியும்படி வைத்து, மூடிவிட்டு, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். ஒரு மூலையில் தாள் வழுக்கிக்கொண்டு வந்து, எதிர் மூலையில் கிழிந்தால், தகடு கோணலாக இறங்குகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கோணலான தகட்டில் நீங்கள் எத்தனை கவனமாக நின்றாலும் இறுகிய பக்கத்தில் கோடு விழுந்தே தீரும். அந்த நறுக்குகளைச் சூப்பர்வைசர் முன்னிலையில் மறுபடியும் இழுத்துக் காட்டுங்கள். சூடு காட்டும் எண்ணையும் நம்பிவிட வேண்டாம்; அது கருவி பொருத்தியிருக்கும் ஓர் இடத்தின் சூடே ஒழிய, நாலு மூலையின் சூடு அன்று.

கூலியைப் பற்றியும் சொல்கிறேன். தொழிலாளியின் அஜாக்கிரதையால் நேரடியாக நேர்ந்த நஷ்டத்துக்கு மட்டுமே, அதுவும் அவர் தம் பக்கத்தைச் சொல்ல இடம் கொடுத்த பிறகே, நஷ்டத்துக்கு மேற்படாமல் பிடித்தம் செய்யலாம் என்பது 1936-ஆம் வருஷத்து ஊதியச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. 2019-இல் இயற்றிய புதிய சட்டமும் அதைக் கைவிடவில்லை. கோணல் தகடு உங்கள் அஜாக்கிரதை ஆகாது. தனியாகப் பேசத் தயக்கமாயிருந்தால், அதே மெஷினில் அடுத்த ஷிஃப்டில் நிற்கிறவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்; அவருடைய பீஸிலும் அதே மூலையில்தான் கோடு இருக்கும்.

கேள்வி: ஏற்கெனவே விழுந்துவிட்ட கோட்டுக்கு நிவாரணம் உண்டா? (கடைக்காரர், மதுரை)

பதில்: பருத்தியானால் உண்டு. நீராவிப் பெட்டியைத் துணியில் படாமல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து ஆவி காட்டி, ஈரம் ஆறுமுன் மிருதுவான பிரஷ்ஷால் எதிர்த்திசையில் வருடிவிடுங்கள். படுத்த இழைகள் எழுந்துகொள்ளும். மிச்சத்தை முதல் சலவை பார்த்துக்கொள்ளும். பாலியெஸ்டரானால் ஆவி காட்டிக் கொஞ்சம் மங்கச் செய்யலாம். அதற்கு மேலும் தெரிந்தால், வாங்குகிறவரிடம் கோட்டைக் காட்டிவிட்டு விலையைக் குறையுங்கள்.