ஆத்து வழியா வாங்க, அத்தை!

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் நலமும் மாமாவின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

தை பிறந்ததும் இருவரும் பாங்காக் வருவதாக மாமா அனுப்பிய தகவல் கிடைத்தது. கூடவே ஒரு பயணத் திட்டமும் வந்திருக்கிறது. கோயில்கள், அரண்மனை, எல்லாவற்றுக்கும் போய்வர டிரைவரோடு ஏசி கார். கோயில் சரி, அரண்மனை சரி, கார்தான் இடிக்கிறது. இந்த ஊர்ச் சாலையை மாமா யூடியூபில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நகராத ஒன்றை யாராவது வீடியோ எடுப்பார்களா, போட்டோ போதுமே! சிவப்பு விளக்கில் நின்றால் நீங்கள் நிதானமாக விஷ்ணு சகஸ்ரநாமத்தைத் தொடங்கலாம். பலச்ருதி சொல்லும்போது பச்சை விழும். பச்சை விழுந்த பிறகும் வண்டி நகரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே நாம் ஆற்றில் போகிறோம். ஆறு என்றதும் கும்பகோணத்துக் காவிரியை மனதில் வைத்துக்கொண்டு, "மணலில் படகு எப்படிடா போகும்?" என்று கேட்பீர்கள். இந்த ஆற்றில் தண்ணீர் இருக்கிறது. வருஷம் முழுக்க இருக்கிறது. சில வருஷங்களில் ஊருக்குள்ளும் வந்துவிடுகிறது, அந்தக் கதை வேறு.

சாவோ பிரயா என்பது ஆற்றின் பெயர். இந்த ஊரே அதைப் பார்த்து உட்கார்ந்த ஊர். 1782-இல் முதலாம் ராமா என்ற ராஜா, மேற்குக் கரைத் தோன்புரியில் இருந்த தலைநகரைக் கிழக்குக் கரைக்கு மாற்றினார். ஒரு பக்கம் ஆற்றை வைத்து, மறுபக்கம் கால்வாய் வெட்டி, நகரத்தைத் தீவாக்கிவிட்டார்கள். ராஜா, பிக்கு, அரிசி வியாபாரி, கத்தரிக்காய் விற்கிற ஆயா எல்லோருக்கும் படகுதான் வாகனம். சாரோன் குருங் என்ற முதல் நவீனச் சாலையே 1860-களில்தான் வந்தது. அதுவும், குதிரை ஏறிக் காற்று வாங்க வழியில்லாமல் எங்களுக்கு உடம்பு கெடுகிறது என்று வெள்ளைக்காரத் தூதர்கள் ராஜாவிடம் மனுப் போட்ட பிறகு! அதனால்தான் ஆற்றங்கரைக் கோயில்கள் பலவற்றுக்கு முகப்பு தண்ணீர்ப் பக்கம் இருக்கிறது. காரில் போவது, கல்யாண வீட்டுக்குக் கொல்லைப்புறமாக நுழைந்து சமையல்கட்டு வழியே மேடைக்குப் போகிற கதை. சாப்பாடு கிடைக்கும், மேளம் கிடைக்காது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அரண்மனைக்கு எதிரே அகலமாக ஓடுகிறதே, எல்லோரும் போட்டோ எடுக்கிற ஆறு, அது ஒரு காலத்தில் வெட்டின வாய்க்கால். ஆறு அந்த இடத்தில் மேற்கே பெரிய வளைவு எடுத்துச் சுற்றிக்கொண்டு வந்ததாம். அப்போதைய தலைநகர் அயுத்தயாவுக்குப் போகும் கப்பல்களுக்கு அந்தச் சுற்று வேண்டாமென்று 1542-இல் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினார்கள். தண்ணீருக்கும் குறுக்கு வழி பிடித்துப்போயிற்று. வெட்டினது அகன்று ஆறானது. பழைய ஆறு இளைத்து, இன்றைக்குக் கால்வாய் என்ற பெயரில் பின்தெருவில் ஓடுகிறது. பங்காளிச் சண்டைகளில் இப்படித்தான் நடக்கும் என்பீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சாத்தோன் துறையிலிருந்து புறப்படுவோம். வானத்தில் ஓடும் ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் காலடியிலேயே துறை. அங்கே கொடி பார்த்து ஏற வேண்டும். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகுதான் நம்முடையது. நாள் முழுக்க ஓடும், முக்கியத் துறைகளில் எல்லாம் நிற்கும், எங்கே இறங்கினாலும் ஒரே டிக்கெட், இப்போதைக்கு 16 பாட். நம் காசுக்கு நாற்பது ரூபாய்க்குச் சற்று மேலே. மஞ்சள் கொடிகள் ஆபீஸ் ஜனங்களுக்கு. பாதித் துறைகளில் நிற்காமல் பறக்கும். நீலக் கொடி சுற்றுலாப் பயணிகளுக்கு. ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் ஸ்தல புராணம் வேறு. விலையும் அதற்குத் தக்கபடி. துறையில் கால் வைத்ததும் நம் முகத்தைப் பார்த்து நீலக் கொடிப் பக்கம் கையைக் காட்டுவார்கள். நீங்கள் கோயம்பேடு பஸ் நிலையத்தில் ஆம்னி பஸ் புரோக்கர்களைக் கடந்து வந்த அதே முகத்தை வைத்துக்கொண்டு நேரே நடந்துவிடுங்கள்.

படகு வருவதை நீங்கள் பார்க்க வேண்டும் அத்தை. நீளப் படகு. ஓட்டுநர் முன்னால் இருக்கிறார். ஏறுவதும் இறங்குவதும் பின்னால். பின்னால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதற்காக வாலில் ஒரு பையன் வாயில் விசிலோடு நிற்கிறான். குட்டை விசில், நெட்டை விசில், பதறிய விசில் என்று பல ரகம். அந்தச் சத்தத்தைக் கேட்டே ஓட்டுநர் படகைப் பின்வாங்கி, துறையோடு அணைக்கிறார். இன்ஜின் உறுமும், கரும்புகை வரும், மிதக்கும் துறை மேலும் கீழும் ஆடும். பையன் தாவிக் குதித்து, கட்டைவிரல் தடிமன் கயிற்றை இரும்புக் குமிழில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிப்பான். முடிச்சு கிடையாது, கையால் பிடித்த பிடிதான். அந்த நேரத்துக்குள் இறங்குகிறவர் இறங்கி, ஏறுகிறவர் ஏற வேண்டும். கயிற்றை விட்டான், விசில் ஊதினான், படகு போயே போச்சு.

மாமாவின் முழங்காலை நினைத்துக் கவலைப்படாதீர்கள். வயசானவர்களைக் கண்டால் பையன் கைகொடுத்துத் தூக்கிவிடுவான். படகு துறையில் முட்டி நின்ற பிறகு கால் வைத்தால் போதும். நம் டவுன் பஸ்ஸில் ஏறத் தெரிந்த யாரும் இதில் தவறி விழ மாட்டார்கள். காலையில் கூட்டம் பெரும்பாலும் வடக்கேயிருந்து தெற்கே சாத்தோனுக்கு வேலைக்கு வருகிற கூட்டம். நாம் எதிர்த்திசையில் போவதால் உட்கார இடம் கிடைக்கும்.

உட்கார்ந்ததும் டிக்கெட் அம்மாள் வருவார். கையில் நீளமான தகரக் குழாய். அதற்குள்தான் டிக்கெட் சுருள், சில்லறை எல்லாம். மூடியைத் திறந்து மூடி 'டக் டக் டக்' என்று தட்டிக்கொண்டே வருவார். அதுவே அழைப்பு, அதுவே எச்சரிக்கை. யார் எந்தத் துறையில் ஏறினார்கள், யார் இன்னும் வாங்கவில்லை என்பது அவருக்கு எப்படித் தெரிகிறது என்பது எனக்கு விளங்காத சித்து. வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் நடித்தாலும் காதுக்குப் பக்கத்தில் வந்து தட்டுவார். புத்த பிக்குகளுக்கு என்று தனியே இடம் ஒதுக்கியிருக்கும். அங்கே மாமா போய் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிக்குகள்மேல் பெண்கள் கை படக்கூடாது என்பது இங்கே கடுமையான ஆசாரம், நெரிசலில் நீங்கள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

படகு வடக்கே போகப் போக, வலப்பக்கம் பழைய பண்டகசாலைகள், சீனக் கடைத்தெருவுக்குப் போகிற ராச்சவோங் துறை, பிறகு பூச்சந்தை. பாக் குலோங் தலாத் என்ற அந்தச் சந்தை ராத்திரி பகல் மூடுவதே இல்லை. மல்லிகை மூட்டை மூட்டையாக இருக்கும். ஆனால் தலையில் வைக்க மாட்டார்கள். சின்ன மாலையாகக் கட்டிச் சாமிக்கும் டாக்சிக் கண்ணாடிக்கும் போடுவார்கள். நீங்கள் நாலு முழம் வாங்கி வைத்துக்கொண்டு நடந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும்.

அடுத்து இடப்பக்கம் எழும்புவது வாட் அருண். சூரியனின் தேரோட்டி அருணன் பேரில் அமைந்த கோயில். நடுக் கோபுரம் தூரத்திலிருந்து சாம்பல் நிறம். கிட்டப் போனால் அத்தனையும் பீங்கான்! சீனத்துத் தட்டு, கிண்ணம், உடைந்த சில்லு எல்லாவற்றையும் பூவாகவும் இலையாகவும் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு சில்லில் பாதிப் பூ, அடுத்ததில் வேறு தட்டின் மீதிப் பூ. நம் வீட்டில் தட்டு உடைந்தால் பாட்டி மூன்று தலைமுறையைத் திட்டுவாள். இவர்கள் கோபுரம் கட்டிவிட்டார்கள். மேலே இந்திரன் ஐராவதத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறார். படிகள் செங்குத்து, மாமா கீழேயே நின்று அண்ணாந்து சேவிக்கட்டும். கீழேயும் பொழுது போகும். வாடகைக்குத் தாய்லாந்துப் பட்டும் கிரீடமும் கட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாக செல்போனை நீட்டிப் போஸ் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். தேவலோகத்தில் இடைவேளை விட்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

எதிர்க்கரையில் தா தியென் துறை. ஐந்து பாட் கொடுத்தால் ஒரு தோணி இக்கரையிலிருந்து அக்கரைக்கு எந்நேரமும் போய்வந்துகொண்டிருக்கிறது. துறையை ஒட்டி கருவாட்டுக் கடைகள். மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடந்தால் வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருக்கிறார். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு பொறாமை வரும். உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள். திருவடி தரிசனம் முடிந்ததும் பின்பக்கம் 108 வெண்கலப் பாத்திரங்களில் காசு போட்டுக்கொண்டே வரலாம். அந்தக் 'கிணிங் கிணிங்' சத்தத்துக்காகவே நான் போவேன்.

அடுத்த துறை தா சாங், அங்கேதான் அரண்மனை. வெளிநாட்டுக்காரர்களுக்கு 500 பாட். மாமா அரை நிஜாரில் வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், வேட்டி கணுக்கால்வரை இருப்பதால் கவலையில்லை. வெளியே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கனவான் வந்து, "இன்றைக்கு அரண்மனை விடுமுறை, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று உருகுவார். நம்பிப் போனால் ரத்தினக் கடையில் கொண்டுபோய் இறக்குவார்கள். சிரித்துக்கொண்டே வாசலைத் தேடி நடங்கள்.

உள்ளே மரகத புத்தர். 66 சென்டிமீட்டர் உயரம்தான். வெயில், மழை, குளிர் என்று மூன்று காலத்துக்கு மூன்று உடுப்பு. ராஜாவே வந்து மாற்றுவார். பிராகாரம் முழுக்க ராமாயணம், 178 சித்திரங்கள். இங்கே அதற்கு ராமகியென் என்று பெயர். அதில் ஒரு சங்கடம். சனிக்கிழமைதோறும் வடைமாலை சாத்துகிற உங்களிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இவர்களுடைய அனுமார் பிரம்மசாரி இல்லை. சேது கட்டும்போது கல்லைத் திருடிக்கொண்டு போன மச்சகன்னியைப் பிடிக்கக் கடலுக்குள் போனவர், பிடித்த கையோடு காதலித்துவிட்டார். அவள் ராவணன் மகள் வேறு. பிள்ளையும் உண்டு! ராவணனோ பச்சை உடம்பும் கதாயுதமுமாகக் கோயில் வாசலில் காவலுக்கு நிற்கிறார். எல்லாரையும் அவரவர் வேலையிலிருந்து மாற்றிவிட்டார்கள். முதலிலேயே சொல்லிவிட்டேன், அங்கே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள், படங்கள் அவ்வளவு அழகு.

2019-இலிருந்து அரண்மனைப் பக்கம் சுரங்க ரயிலும் வந்துவிட்டது. சனாம் சாய் நிலையம், தூணெல்லாம் அரண்மனை மாதிரி ஜொலிக்கும், குளுகுளு என்று இருக்கும். திரும்பி வரும்போது களைத்திருந்தால் அதில் வருவோம். போகும்போது வேண்டாம். எலிவளையில் புகுந்து அருணனைத் தரிசிக்க முடியாது.

மறுநாள் வேறு படகு. சென் சேப் என்ற கால்வாய். 1837-இல் வெட்டத் தொடங்கி 1840-இல் முடித்தார்கள், கிழக்கே சண்டைக்குப் படை அனுப்ப. இன்றைக்கு ஆபீஸ் படை போகிறது. தண்ணீர் கறுப்பு, வாயை மூடிக்கொண்டு வர வேண்டிய பயணம், இது உங்களுக்கும் மாமாவுக்கும் பொது. எதிரே படகு வந்தால் ஓரத்தில் இருக்கிறவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கண்டக்டர் தலையில் ஹெல்மெட்டோடு படகின் வெளிவிளிம்பில் நடந்து வந்து டிக்கெட் கொடுப்பார், பாலம் வந்தால் குனிந்துகொள்வார். கால்வாயின் மேற்குக் கோடியில் இறங்குவோம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பிரம்மாண்ட ஊஞ்சல் நிற்கிறது. உயரமான சிவப்புத் தேக்குத் தூண்கள். அதன் பக்கத்தில் 1784-இல் கட்டிய தேவஸ்தானம் என்ற இந்துக் கோயில். ஊஞ்சல் ஆடுவதை 1935-இல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அங்குள்ள ராஜ பிராமணர்கள் மார்கழி, தை ஒட்டி நடத்துகிற விழாவில் இன்றைக்கும் திருவெம்பாவை, திருப்பாவை வழிவந்த பாடல்களை ஓதுகிறார்கள். உச்சரிப்பு தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து நமக்குச் சட்டென்று பிடிபடாது. முப்பதும் மனப்பாடமாகத் தெரிந்த நீங்கள் ஒருவேளை கண்டுபிடிப்பீர்கள். எனக்கு அந்த ஓர் இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போகத்தான் ஆசை அதிகம்.

கடைசியாகச் சில காரியங்கள். அரண்மனையில் மத்தியானம் மூன்றரைக்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். காலை எட்டு மணிப் படகைப் பிடித்தால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். உங்களுக்குக் கழற்ற மாட்ட வசதியான செருப்பு போதும், மாமாவின் ஷூவை ஊரிலேயே விட்டுவாருங்கள். விமான நிலையத்தில் பணம் மாற்றும்போது இருபது பாட் நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். பதினாறு பாட் டிக்கெட்டுக்கு ஆயிரத்தை நீட்டினால் அந்தத் தகரக் குழாய் அம்மாள் தாய் மொழியில் என்ன சொல்வார் என்பதை நான் மொழிபெயர்க்க மாட்டேன்.

நார்த்தங்காய் ஊறுகாயை மறக்க வேண்டாம். கையில் வேண்டாம், பெட்டியில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்