ஓகே: மாத்திரை நோக்கில் ஓர் ஆய்வு

ஜாதகம் கணிக்கும் அளவுக்குப் பிறந்த தேதி தெரிந்த சொற்கள் அதிகமில்லை. ஓகே அச்சில் ஜனித்தது 1839 மார்ச் 23, 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' நாளிதழில். அன்று சனிக்கிழமை. பிற்பாடு இந்தச் சொல் நம்மைப் படுத்தும் பாட்டுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்நாளில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு குறும்பு இருந்தது. வேண்டுமென்றே தப்பாக எழுத்துக்கூட்டி, முதலெழுத்துகளை மட்டும் போடுவார்கள். 'ஆல் கரெக்ட்' என்பது 'ஓல் கொரெக்ட்' ஆகி, ஓ.கே. ஆனது இப்படித்தான். பொருள் 'எல்லாம் சரி'; எழுத்து இரண்டுமே தப்பு. 1840 தேர்தலில் கிண்டர்ஹூக் ஊர்க்காரரான அதிபர் வான் பியூரனை 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்று சொல்லி, அவர் கட்சியார் இதையே கோஷமாக்கினார்கள். அவர் தோற்றுப்போனார். கூடவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய சொல், கடல் தாண்டி எங்கள் வீட்டு வாட்ஸாப் வரை வந்துவிட்டது. இந்தப் பூர்வீகத்தைத் துலக்கியவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற மொழியறிஞர். ஆனால் அவர் மாத்திரைக் கணக்குப் பார்க்கவில்லை. பொருளெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கண் இமைக்கும், கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. ஓ, கே இரண்டும் நெடில், ஆக நான்கு. 'ஓஒகே' என்று அளபெடுத்தால் ஐந்து: 'அப்படிப் போகுதா கதை' என்று அர்த்தம். நடுவில் ஒற்று மிகுந்து 'ஓக்கே' ஆனால் நாலரை. இது மேலதிகாரி வழக்கு. சம்மதம் அல்ல, 'எழுந்து போங்கப்பா'. (வினாவில் 'ஓகேவா' என்பாரும் உளர், 'ஓகேயா' என்பாரும் உளர். ஏகாரத்தின் முன் யகரம், வகரம் இரண்டும் வரலாம் என்று நன்னூல் எப்போதோ இடம் கொடுத்துவிட்டது.)

அதிக அபாயமானது முதற்குறையான 'கே'. இரண்டே மாத்திரை. கள ஆய்வு எங்கள் வீட்டிலேயே நடந்தது. 'வர லேட்டாகும், நீ சாப்பிட்டுடு' என்று மனைவிக்கு அனுப்பினேன். 'கே' என்று பதில் வந்தது. பத்தரைக்குப் போனால் ஹாலில் விளக்கு இல்லை. தோசைக்கல் கழுவிக் கவிழ்த்திருந்தது. மாவு ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது என்று இருட்டிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. குறைந்தது எழுத்து மட்டுமில்லை என்று அப்போது விளங்கியது.

இதற்கு நேர்மாறாக, குறையோ அளபெடையோ இல்லாத சுத்தமான நான்கு மாத்திரை ஓகே ஒன்று உண்டு. "அண்ணே, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்துடுவீங்கல்ல?" என்று பிளம்பரிடம் கேட்டேன். "ஓகே சார்" என்றார். அதைக் கேட்டு இன்றோடு மூன்று நாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே கைநொடித்து எண்ணினேன்: நான்கு மாத்திரை.